ஒன்பதாம் பக்கம்

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னது நேசமலர்தான். பக்கம் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டதும் இசைச் சங்கத்துச் செயலாளர் ஷர்லி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிவிட்டு வந்தாள், இப்போது வேப்பேரியின் இந்தப் பழைய பள்ளிக்கூட ஹாலில் உட்கார்ந்திருக்கிற அறுபது பேரும் நிகழ்ச்சித் தாளை விசிறியாக்கிக்கொண்டு மலரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பார்கள், திட்டட்டும், சாயங்காலம் ஆறரை மணிக்குக் கொஞ்சம் வேர்த்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். அவள் கணவர் ஆசீர் தவமணி பியானோவின் முன்னால் ஸ்டூலை ஒரு திருகு ஏற்றி, ஒரு திருகு இறக்கி, கடைசியில் எங்கே இருந்ததோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினார். எழுபத்து மூன்று வயது, முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. அவருடைய இடது பக்கம், பள்ளிக்கூடத்து மர நாற்காலியில், கீழ்க்கட்டைகளுக்கு நேராக அவள். பக்கம் திருப்புகிறவளுக்கு அதுதான் இடம், எழுந்து நின்று இடது கையை நீட்டி மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு அவர் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும், கை அவர் கண்ணை மறைக்கக் கூடாது, சேலைத் தலைப்பு கட்டைமேல் விழக் கூடாது, மூச்சு கூடச் சத்தமாக விடக் கூடாது. இதற்கென்றே கல்யாணமான முதல் வருஷம் அவர் அவளுக்கு நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொடுத்தார். எந்தக் கை எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்று பென்சிலால் வலதுக்கு ‘வ’, இடதுக்கு ‘இ’ என்று குட்டியாகத் தமிழிலேயே எழுதி வைப்பார், ஆங்கில எழுத்து p இரண்டு சேர்ந்து வந்தால் சத்தம் ரொம்ப மெதுவாக என்று அர்த்தம், அவ்வளவு தெரிந்தால் உனக்குப் போதும் என்றார், அவளுக்கும் நாற்பத்தோரு வருஷமாக அது போதுமாகத்தான் இருந்தது. ஆனால் அதெல்லாம் அவர் பாடகர் குழுவுக்கும் யாராவது வயலின்காரருக்கும் துணையாக வாசிக்கும்போது. தனியாக வாசிக்கிறார் என்றால் புத்தகம் கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. இன்றைக்கு இரண்டும் இருக்கிறது, இரண்டும் அவள் சொன்ன ஒரு பொய்யால் இருக்கிறது. இந்த வருஷம் எல்லாரும் நோட்ஸ் வச்சுத்தான் வாசிக்கணுமாம், என்றாள் போன மாதம், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். “யாரு சொன்னா?” “ஷர்லிதான் சொன்னா.” “அவளுக்கு என்ன தெரியும். சரி, வச்சுக்கிடுதேன். ஆனா நான் அதைப் பார்க்க மாட்டேன், பாத்துக்க.” பார்க்கவில்லைதான், இதோ, கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்குகிறார்.

லெண்டார்ஃபின் சொனாட்டா, பன்னிரண்டு பக்கத் தனிப் பியானோ உருப்படி. காஸ்பர் லெண்டார்ஃப், செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் அவள் வீட்டில் அவளைவிட அதிக உரிமையோடு இருக்கிற மனிதர். முன்னறைச் சுவரில் படமாக மாட்டியிருக்கிறார், நெற்றியில் விழுகிற முடி, எலும்பு தெரிகிற நீண்ட விரல்கள், எதிரில் நிற்கிறவரைத் தாண்டி எங்கேயோ பார்க்கிற பார்வை, அவள் அந்தப் படத்தைத் துடைத்த தடவைகளைக் கணக்குப் போட்டால் தன் முகத்தைத் துடைத்ததைவிட அதிகமாகத்தான் வரும். ஏழு வயதில் மேடை ஏறினவர், குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனவர், வாசித்து முடித்து அவர் கழற்றிப் போட்ட கையுறைக்காகச் சீமாட்டிகள் சண்டை போட்டார்களாம். அதுவரை எல்லோரும் எதிரில் புத்தகத்தை வைத்துத்தான் வாசித்தார்கள், புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர் எங்க ஆளுதான் என்பார் ஆசீர், எங்க ஆளு என்றுதான் சொல்வார், ஏதோ நாசரேத்தில் பக்கத்துத் தெருவில் பிறந்தவர் மாதிரி. எவ்வளவு நிஜமோ மலருக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் ஒருநாள் எறிந்த புத்தகத்தால் இன்றுவரை உலகம் பூராவும் குழந்தைகள் பரீட்சை அறைகளில் மனப்பாடமாக வாசிக்கின்றன, வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவளே பார்த்திருக்கிறாள். கதையின் மிச்சத்தையும் ஆசீர் விடாமல் சொல்வார். நாற்பத்தோராவது வயதில், இதே சொனாட்டாவை, தானே எழுதினதை, நிறைந்த சபையில் வாசிக்கும்போது லெண்டார்ஃபுக்கு வழி தப்பிவிட்டது. போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார், மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் கையை எடுத்தார், எழுந்தார், பியானோவின் மூடியைச் சத்தமில்லாமல் மூடினார், அதற்குப் பிறகு இருபது வருஷம் உயிரோடு இருந்தும் மனிதர் முன்னால் ஒருநாளும் வாசிக்கவில்லை. அதுதான் மானம் என்பார் ஆசீர். எனக்கும் மேடையில வழி தப்பிச்சுன்னா அன்னைக்கே மூடிருவேன், பிறகு வீட்டுல கூடத் தொட மாட்டேன். சொன்னால் செய்கிற ஆள். சிகரெட்டை அப்படித்தான் விட்டார், கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சையும் அப்படித்தான் விட்டார், அண்ணன் செத்த வீட்டுக்குக் கூடப் போகவில்லை. லெண்டார்ஃபைப் பற்றி அவர் வைத்திருக்கிற நானூறு பக்கப் புத்தகத்தை மலர் ஒரு மழைக்காலத்தில் அகராதி வைத்துக்கொண்டு படித்து முடித்தாள், அதில் அந்த மனிதரின் மனைவிக்கு ஒன்றரை வரி. காகித வியாபாரியின் மகள் ஷார்லட்டை மணந்தார், அவள் அவருக்குப் பின் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தாள். அவ்வளவுதான். மூடி மூடிய அன்றைக்கு அந்த ஷார்லட் எங்கே உட்கார்ந்திருந்தாள், ஹாலிலா வீட்டிலா, திரும்பி வந்தவருக்குச் சாப்பாடு போட்டாளா, என்ன பேசினாள், இருபது வருஷம் பூட்டிக் கிடந்த பியானோவை யார் துடைத்தது, ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தில் ஆள் வேண்டாம் என்று அவரே ஒழித்துவிட்டாரே, பிறகு யார் இருப்பார்கள். மூன்றாம் பக்கம் முடியப் போகிறது. அவள் எழுந்தாள், மூலையைப் பிடித்தாள், அவர் தலை அசைந்தது, திருப்பினாள், நாலாம் பக்கம். கை அதுபாட்டுக்குப் போகிறது, பயப்பட ஒன்றுமில்லை. இந்த இடத்தில் பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். பயம் ஒன்பதில் இருக்கிறது.

ஏனென்றால் மூன்றாம் பக்கத்தில் இருக்கிற கடைசி எட்டு வரிசை அப்படியே ஒரு புள்ளி மாறாமல் ஒன்பதாம் பக்கத்தின் அடியிலும் வருகிறது. ஒரே தெருமுனை, இரண்டு தடவை. முதல் தடவை இடது கை கீழே பி ஃப்ளாட் என்கிற கட்டையில் இறங்கினால் வழி நாலாம் பக்கத்துக்குப் போகும், இரண்டாம் தடவை அதற்கும் கீழே ஜி-யில் இறங்க வேண்டும், இறங்கினால் பத்தாம் பக்கம், முடிவு, வீடு. மறந்துபோய் மறுபடி பி ஃப்ளாட்டில் கால் வைத்தால் நாலுக்குப் போய், அங்கிருந்து சுற்றி மறுபடி ஒன்பதுக்கே வந்து, மறுபடி நாலுக்கு, விடியவிடிய வாசித்தாலும் வெளியே வர முடியாது. லெண்டார்ஃப் விழுந்தது அந்தக் குழியில்தான். போன மாதம் வீட்டில் ஆசீரும் விழுந்தார், ஒரே வாரத்தில் மூன்று நாள். முதல் நாள் அவள் அடுக்களையில் இருந்தாள், இன்றைக்கு என்ன இவ்வளவு நீளமாக வாசிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள், பிறகு கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பால் பொங்கி வழிந்ததும் அவர் வாசிப்பை நிறுத்தி, என்னட்டி தீயுது, என்று வந்தார், பால்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. அதற்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தாள். சின்ன வயதுப் பெண், கண்ணாடிக்குப் பின்னால் தூக்கமில்லாத கண், ஆசீரை வெளியே உட்கார வைத்துவிட்டு மூளை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். “அங்கிளுக்குப் பேர்லாம் முதல்ல போகும்மா. அப்புறம் நேத்து நடந்தது. பாட்டு ரொம்பக் கடைசிலதான் போகும், அது ஒரு ஆறுதல். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” நான் சொல்றேன் டாக்டர் என்றாள். ஐந்து மாதமாகிறது. சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, காலையில் தோசை வைக்கும்போதா, சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போதா, கேஸ் சிலிண்டரை அந்தச் செவப்பு, அந்தச் செவப்பு என்று விரலைச் சொடுக்கிக்கொண்டு அவர் நிற்கும்போதா. சொன்னால் நாளைக்கே பியானோவைப் பூட்டிச் சாவியைக் கூவத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். அப்புறம் அவருக்கு என்ன மிஞ்சும். கடைசியாகப் போகிறது என்று டாக்டர் சொன்னதை அவரே முதலில் அனுப்பிவிடுவார். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் அவள் ஒரு அம்புக்குறி போட்டு வைத்தாள், அவர் அதைப் பார்த்துவிட்டு அழிரப்பரால் தேய்தேய் என்று தேய்த்து, சின்னப் பிள்ளைக்குப் போடுத மாதிரி போட்டிருக்க, என்றார். ஏன் போட்டாய் என்று மட்டும் கேட்கவில்லை, அது அவளை இன்னும் உறுத்துகிறது. தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து ரோஜா நிறமாக இருக்கிறது, இதோ வந்துவிட்டது, எட்டு, ஒன்பது, அவள் எழுந்து நின்றாள், மூலையைப் பிடித்தாள், கர்த்தாவே, கீழே, கீழே, ஜி. அவர் தலை அசைந்தது. பி ஃப்ளாட்.

பத்தாம் பக்கத்துக்குத் திருப்பியிருந்தாள். அவர் கை நாலாம் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது, அமைதியாக, அழகாக, கொஞ்சமும் சந்தேகமில்லாமல். கண்ணைத் திறந்தால் போதும், எதிரில் வேறு பக்கம் இருக்கிறது, தெரிந்துவிடும். நாலாம் பக்கத்தில் அவள் வீட்டிலிருந்தே ஒரு கிளிப்பைச் செருகிக் கொண்டுவந்திருந்தாள், அதைப் பிடித்து ஒரே இழுப்பில் மொத்தத் தாளையும் பின்னுக்குத் தள்ளினாள், சரசரவென்று சத்தம் கேட்டது, முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்த ஒரு தாள் நின்றது. நிற்கட்டும். திரும்ப வாசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள், இந்த மாதிரிப் பாட்டில் அதெல்லாம் உண்டு, அறுபது பேரில் ஐம்பத்தைந்து பேருக்குப் பாட்டு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும்தான் தெரியும். ஷர்லிக்குத் தெரியும். பக்கவாட்டுக் கதவோரம் நிற்கிறாள், தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். ஒரு சுற்று மன்னிப்பார்கள், அடுத்த சுற்றில் அவருக்கே தெரிந்துவிடும், அவர் காது லேசுப்பட்ட காதல்ல, லெண்டார்ஃபுக்கு மூன்றாவதில் தெரிந்தது இவருக்கு இரண்டாவதிலேயே தெரியும், தெரிந்ததும் கையை எடுப்பார், அந்த மூடி, அவள் அந்த மூடியைப் பார்த்தாள், கறுப்புப் பாலிஷில் அவள் சேலையின் பச்சை மங்கலாகத் தெரிந்தது. ஐந்து, ஆறு. திருப்பு. உள்ளங்கை நனைந்து தாள் ஒட்டுகிறது. என்ன செய்வாய் மலர், இருமுவாயா, மயங்கி விழுவாயா, நாற்காலியைத் தள்ளுவாயா, எதைச் செய்தாலும் அவர் நிற்பார், நின்றால் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பார். நிற்கக் கூடாது, வழி மட்டும் மாற வேண்டும். டெலிபோன் ட்ரங்க் எக்சேஞ்சில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள் அவள், காதில் மாட்டிக்கொண்டு, வரிசையாகத் துளைகள், வரிசையாக ஒயர்கள், சரியான ஒயரைச் சரியான துளையில் குத்த வேண்டும், குத்தியபின் வாயைத் திறக்கக் கூடாது, இரண்டு பேர் பேசுவதற்கு நடுவில் ஆபரேட்டர் நுழையக் கூடாது என்பது முதல் சட்டம். ஒரே ஒருநாள் நுழைந்தாள். யாரோ ஒருவர் தூத்துக்குடியில் தங்கைக்குப் போட்டுக் கேட்டார், அந்தப் பக்கம் ஒரு பெண் அலோ அலோ என்கிறாள், இவருக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, என்னமோ சாவுச் செய்தி என்று மூச்சிலேயே தெரிந்துவிட்டது. சொல்லுங்க சார், தங்கச்சி லைன்ல இருக்காங்க, என்றாள் மலர். அவ்வளவுதான், மனிதர் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் மெமோ கொடுத்தார். அந்த மெமோ இன்னும் பீரோவில் இருக்கிறது, அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஏழு.

அவள் பியானோவைத் தொட்டது அந்த முதல் வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அவர் இல்லாத நேரம் என்று நினைத்து ஒரு சின்னக் கீர்த்தனையை ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தாள், வாசலில் நின்று கேட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ட்ரங்க் கால் கை, ஒயரைக் குத்துத மாதிரி குத்துத. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு துடைப்பதற்கு மட்டும்தான் தொட்டாள், துடைக்கும்போதும் சத்தம் வராமல், மேல்கட்டையிலிருந்து கீழ்க்கட்டைவரை மெதுவாக. ஆனால் இந்தப் பதினைந்து நாளாக அவர் காலையில் நடக்கப் போனதும் அவள் இந்த நாற்காலி இருக்கிற மாதிரியே ஒரு நாற்காலியைப் போட்டு, இதே பக்கம் உட்கார்ந்து, ஒரே ஒரு கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கப் பழகினாள். எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் விரல் இருக்கிற இடத்துக்கு ஒரு எட்டுச் சுரம் கீழே, மூன்று கறுப்புக் கட்டை சேர்ந்து நிற்கிற இடத்தில், முதல் கறுப்புக்கும் நடுக் கறுப்புக்கும் இடையில் இருக்கிற வெள்ளை. எட்டாம் பக்கம் முடிந்து ஒன்பதுக்கு வந்தாயிற்று, முதல் வரிசை, இரண்டாவது வரிசை. அவர் புருவம் சுருங்குகிறது. இந்தத் தெருவில் இப்போதுதானே வந்தோம் என்று யாரோ உள்ளே கேட்கிற மாதிரி ஒரு சுருக்கம், நெற்றியில் வேர்வை, மூடிய கண்ணுக்குள் விழி அலைகிறது. தெரிகிறது அவருக்கு, ஏதோ தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை. அவர் பயந்து அவள் பார்த்ததேயில்லை, நெஞ்சுவலி வந்த அன்றைக்குக் கூடப் பயப்படவில்லை, இப்போது பயப்படுகிறார், நாற்பத்தோரு வருஷம் அருகில் படுத்தவளுக்குத் தெரியாதா. ஐந்தாவது, ஆறாவது. அவள் எழுந்தாள். பக்கத்தின் மூலைக்குப் போக வேண்டிய இடது கை அங்கே போகவில்லை. அவர் கை இறங்கத் தொடங்கிற்று, பி ஃப்ளாட்டை நோக்கித்தான், பழக்கப்பட்ட மாடு மாதிரி, அதற்கு ஒரு மூச்சு முன்னால் மலர் ஜி-யை அழுத்தினாள்.

அழுத்தினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, குத்தினாள். ரொம்ப மெதுவாக வர வேண்டிய இடத்தில் அந்தச் சத்தம் ஹாலின் தகரக் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. ஷர்லி சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். ஆசீர் கண்ணைத் திறந்தார். கை அந்தரத்தில் நின்றது, நின்றது ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணத்தில் அவள் மூடியைப் பார்த்தாள், கூவத்தைப் பார்த்தாள், முன்னறையில் பூட்டின பியானோவையும் அதன் எதிரில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரையும் இருபது வருஷத்துக்குப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்க்கவில்லை. கட்டைமேல் இன்னும் ஊன்றியிருந்த அவள் விரலைப் பார்த்தார், நகத்தில் மஞ்சள் கறை, மதியம் மீன் கழுவின கை. பிறகு அவர் கை பி ஃப்ளாட்டைத் தாண்டி, அவள் விரலுக்கு ஒரு எட்டுச் சுரம் மேலே, தன்னுடைய ஜி-யில் இறங்கியது. அங்கிருந்து பத்தாம் பக்கம். அவள் தாமதமாகத்தான் பக்கத்தைத் திருப்பினாள், விரல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை திருப்பினாள், அவர் ஏற்கெனவே பாதிப் பக்கம் போய்விட்டிருந்தார். இந்த முறை கண் திறந்திருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, கடைசி மூன்று தட்டு, முடிந்தது.

கைதட்டினார்கள். யாரோ விசிறியைப் போட்டார்கள், தாள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்ப, மலர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார், இறங்கிப் போகாமல் உட்கார்ந்தது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. கை மூடியின் விளிம்பில் இருந்தது. ஷர்லி மேடைக்கு வந்தாள். “பிரமாதம் அங்கிள். நடுவுல ஒரு எடத்துல ஆன்ட்டி கை பட்டுடுச்சு போல, நான் பயந்தே போயிட்டேன்.” “ஆமாம்மா,” என்றாள் மலர், “தெரியாம பட்டுடுச்சு. வேர்த்து வழுக்கிட்டு.” ஷர்லி பரவால்ல ஆன்ட்டி, டீ குடிக்க வாங்க, என்று அடுத்த ஆளை அழைக்கப் போய்விட்டாள். அவர் கை இன்னும் மூடியின்மேல்தான். மலர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை.

“பென்சில் வச்சிருக்கியா?” என்றார்.

கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள், அந்தச் சிவப்புப் பென்சில்தான் வந்தது, அவர் அதைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடியிலிருந்து கையை எடுத்து ஒன்பதாம் பக்கத்துக்குத் திருப்பினார், தாமே. அழிரப்பரால் தேய்த்து மெலிந்த இடத்தில், கீழ் ஜி-க்கு அடியில், தாள் கிழியாமல் மெதுவாகக் குட்டியாக எழுதினார். கண்ணாடி போடாததால் அவள் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ‘வ’ இல்லை, ‘இ’ இல்லை. ‘ம’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில், வகுப்பில் பிள்ளைகளுக்குப் போடுகிற அதே கண்டிப்போடு, இரண்டு p.